மாத்திரைக்கு முன்னால் பாஸ்பரஸைப் பாருங்கள்

சிறுநீரகம் பழுதான பூனைக்கு வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் ஆகிய ஆன்டிஆக்ஸிடன்ட்களை (செல்களை ஆக்ஸிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் சத்துகள்) கொடுத்தால் நல்லது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. மலேசியாவின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் எங்களோடு இருக்கும் பூனை மீனாவுக்கு வயது 14, இரண்டு வருடமாக இதே நோய். அதனால் ஒரு வார்த்தை.

2006இல் வந்த ஆய்வில் இந்த மூன்றையும் உணவில் சேர்த்தபோது, நோயுள்ள பூனைகளின் டிஎன்ஏ சேதம் குறைந்தது உண்மைதான். ஆனால் அது சில வாரச் சோதனை. ஆயுள் விஷயத்தில் கூடுதல் ஆதாரம் உள்ளது பாஸ்பரஸ் என்ற தாதுவைக் குறைத்த, சிறுநீரக நோய்க்கான உணவுக்குத்தான். கட்டுரை அதை ஒரே வரியில் தாண்டிவிட்டது.

எங்கள் மாமா தன்னுடைய ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கச் சொன்னார். நல்லவேளை, டப்பாவைத் திருப்பிப் படித்தேன்: ஆல்பா லிப்போயிக் அமிலம். அது நாயைவிடப் பூனைக்குப் பல மடங்கு நஞ்சு, கல்லீரலைக் கெடுக்கும். பூண்டும் அப்படித்தான். நமக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர் வாங்கியது, பூனையின் சிவப்பணுக்களை ஆக்ஸிஜனேற்றத்தால் உடைக்கிறது! ரசம் சோறு ஊட்டுகிறவர்கள் கவனிக்கவும். வைட்டமின் சியைப் பூனையின் கல்லீரலே தயாரித்துக்கொள்ளும் என்பதையும் கட்டுரையில் எழுதியிருக்கலாம்.

இப்போது மீனாவுக்குச் சிறுநீரக உணவு மட்டும், மருத்துவர் சொன்னபடி. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாளில் லேசாகச் சூடாக்கி வைத்தால் சாப்பிடுகிறாள். நெத்திலி டப்பா திறக்கும் சத்தத்துக்குத்தான் இன்னும் ஓடி வருகிறாள், அதை அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்திருக்கிறேன்.