ஒரே வண்டி, ஒரே லைட்டு, வயரிங் மட்டும் வேறயா?

குன்னூர்ல மழையும் மஞ்சும் சேர்ந்தா முன்னாடி போற வண்டியோட டெயில் லைட்டு மட்டும்தான் கண்ணுக்கு வழி, அதான் என் வண்டியோட உடைஞ்ச டெயில் லைட்ட உடனே மாத்தணும்னு கோயம்புத்தூர் உக்கடம் போயி அதே வண்டியோட அடுத்த வருஷ மாடல் செட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். போல்ட்டு எல்லாம் கரெக்டா உக்காந்துச்சு. கனெக்டர் மட்டும் சேரவே இல்ல!

பின்னு மாறியிருக்கு, வயர் கலரும் மாறியிருக்கு. பழசுல ஒரே பல்புக்குள்ள ரெண்டு இழை, பார்க் லைட்டுக்கு 5 வாட், பிரேக் லைட்டுக்கு 21 வாட். புதுசுல பார்க், பிரேக் ரெண்டும் எல்இடி, இன்டிகேட்டர் மட்டும் தனி பல்பு. டெஸ்ட் லேம்ப் வச்சு ஒவ்வொரு வயரா தேடி, பழைய கனெக்டர வெட்டி சால்டர் வச்சு ஸ்லீவ் போட்டு முடிச்சா, பிரேக் மிதிச்சதும் இன்டிகேட்டரும் சேர்ந்து மங்கலா எரியுது. எர்த்து, அதாவது கரண்டு பாடி வழியா திரும்பிப் போற இணைப்பு, சரியா பிடிக்கல, கரண்டு வேற பல்பு வழியா சுத்தி போகுது. துருவ சுரண்டி எர்த்த பாடியில இறுக்குனதும் சரியாச்சு, ஆனா அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா போயிருச்சு.

வண்டி கம்பெனிக்காரங்களே, மாடல் மாத்துங்க, வேணாம்னு சொல்லல. அந்த கனெக்டர மட்டும் அப்படியே விட்டா என்னங்க? குன்னூர் மலைப்பாதையில பர்லியாறு பக்கம் கொண்டை ஊசி வளைவுல பின்னாடி லோடு லாரி இறங்கி வருது, என் பிரேக் லைட்ட நம்பித்தான் அவரு பிரேக் அடிக்கணும்.