ஜகாரை விட்டுவிட்டீர்களே

வெளியே தலைகாட்டாத முதலாளிக்காக உயிரையே கொடுக்கும் வேலைக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆனால் கதைகளில் கொஞ்சம் அழுக்கான விசுவாசமும் உண்டு. ரஷ்ய எழுத்தாளர் கொன்சரோவின் 'ஒப்லோமோவ்' (1859) நாவலில் வரும் வேலைக்காரன் ஜகாரைச் சொல்கிறேன். எசமான் ஒப்லோமோவ் படுத்த இடத்தை விட்டு எழமாட்டார். இவன் தூசி தட்டமாட்டான், தொட்டதை உடைப்பான், மிச்சச் சில்லறையை அமுக்குவான். வீடு மாற்றும் பேச்சில், மற்றவர்கள் மாறவில்லையா என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வானே, அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அப்புறம் எசமான் போனபின் தேவாலயத்துக்குப் பக்கத்தில் பிச்சையெடுக்கிறான். ஊரில் இடம் தருகிறேன் என்று எசமானின் நண்பர் ஷ்டோல்ஸ் கூப்பிட்டும், எசமானின் கல்லறையை விட்டு வர மனசில்லை என்கிறான். அவர் அறையில் ஒருநாளும் ஒழுங்காக ஒட்டடை அடிக்காத அதே ஆள்!