வாடகை 1,500 ஏறினால் கையிலிருந்து போவது 16,500

போன மாதம் 28ஆம் தேதி இரவு மோட்டார் போடக் கீழே இறங்கினேன். வீட்டுக்காரர் படிக்கட்டிலேயே நிறுத்தி, "ஒன்றாம் தேதியிலிருந்து 1,500 சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் சார். வெளி நிலவரம் உங்களுக்கே தெரியும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. தொட்டி நிரம்பி வழிந்த சத்தம் கேட்ட பிறகுதான் மோட்டாரை நிறுத்தவேண்டும் என்ற நினைப்பே வந்தது.

வாடகையை ஏற்றக் கூடாது என்று சொல்ல வரவில்லை. மூன்று வருடமாக அதே 12,000. 2022இல் சொத்து வரி ஏறியது. பிளம்பர் வீட்டுக்குள் கால் வைத்தாலே ஐந்நூறு ரூபாய். அவர் கேட்ட தொகையில் எனக்குச் சண்டை இல்லை. கேட்ட தேதியில்தான் சண்டை. அதைவிட, அவர் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு தொகையில்.

சென்னையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு அது புரிந்திருக்கும். அட்வான்ஸ் பத்து மாத வாடகை. 1,20,000 கொடுத்து வைத்திருக்கிறேன். வாடகை 13,500 ஆனால் அட்வான்ஸும் 1,35,000 ஆகவேண்டும். ஆக மூன்றே நாளில் வழக்கமான வாடகைக்கு மேல் 16,500 புரட்டவேண்டும். வேண்டாமென்று கிளம்பலாமா? தரகருக்கு ஒரு மாத வாடகை, வெள்ளையடிக்க என்று ஒரு மாதப் பிடித்தம், சாமான் ஏற்ற வண்டிக் கூலி. புது வீட்டு அட்வான்ஸை முதலில் கட்டவேண்டும். பழையது சாவியைக் கொடுத்த பிறகுதான் திரும்பும். இந்தக் கணக்கு அவருக்கும் அத்துப்படி. குரலை உயர்த்தாமல் கேட்கமுடிவது அதனால்தான்.

தப்பு என் பக்கமும் இருக்கிறது. குடிவந்தபோது எழுதிய பதினொரு மாத ஒப்பந்தம் எப்போதோ காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. முத்திரைத்தாள் அலைச்சல் மிச்சம் என்று உள்ளூரச் சந்தோஷம் வேறு. அன்றிலிருந்து நான் வெறும் மாத வாடகைக்காரன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி அப்படிப்பட்டவனைக் காலி செய்யச் சொல்லப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் செய்யவேண்டும் என்கிறது. ஏற்றம் அதில் எழுதியபடி நடக்கவேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைதான் என்றும் சொல்லிவிட்டு, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் அந்த வாசல் வழியாகத்தான் ராஜநடை போட்டு உள்ளே வருகிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவன் எதைத்தான் ஒப்புக்கொள்ளமாட்டான்?

ஐந்தாம் தேதி 13,500 ரூபாயும் வாடகை நோட்டுமாகக் கீழே போனேன். முனை மடங்கிய நாற்பது பக்க நோட்டு, மாதம் ஒரு கையெழுத்து. இந்த முறை தொகைக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருந்தேன்: அடுத்த ஏற்றம் ஒரு வருடம் கழித்து, இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லி; அட்வான்ஸ் பாக்கி 15,000, மாதம் 3,000 வீதம்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "நமக்குள் இதெல்லாம் எதற்கு சார்?"

"நமக்குள் என்பதால்தான் நோட்டில் எழுதினேன். இல்லையென்றால் முத்திரைத்தாளோடு வந்திருப்பேன்."

பேனா என்னிடம்தான் வாங்கினார். போட்டது முழுக் கையெழுத்து இல்லை, வெறும் இனிஷியல். அதுவும் முதல் வரிக்குப் பக்கத்தில் மட்டும்.