குசினிக்குள் இலையுதிர்காலம்

(இடம்: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு வீட்டுக் குசினி. காலம்: ஐப்பசி, அடைமழை. அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். பென்ஷன் எடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் எதற்காவது முத்திரை குத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறார். அவ அவருடைய மனைவி, குசினிக்கு அதிபர். ரொறன்ரோவில் இருக்கும் மகள் அடுத்த மாதம் வருகிறாள். அவள் இப்போது வீகன்.)

அவர்: (நனைந்த உரப்பையை இறக்கிவைத்து) இஞ்சேரும், இனி மகள் வந்து போகும்வரை உமக்குக் குசினியில் வேலை இல்லை.

அவ: ஏன், என்னைக் கனடாவுக்கு அனுப்பப் போகிறீர்களோ?

அவர்: சமையல் என் பொறுப்பு. பிள்ளை ரெசிப்பி எல்லாம் போனில் அனுப்பியிருக்கிறாள். அவள் வருவதற்குள் ஒத்திகை பார்த்துவிடுவேன்.

அவ: நீங்கள் குசினிக்குள் வந்ததெல்லாம் இரண்டு காரியத்துக்கு. தேத்தண்ணி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க, விளக்குக் கொளுத்த நெருப்புப்பெட்டி எடுக்க. சரி, பையில் என்ன? ஐயோ, முழுப் பூசணிக்காயா? ஒரு கீற்று வாங்கினால் இரண்டு பேருக்கும் காணுமே!

அவர்: பட்டர்நட் ஸ்குவாஷ் என்றுதான் ரெசிப்பியில் இருந்தது. சந்தையில் கேட்டேன்.

அவ: யாரிடம்?

அவர்: வழக்கமாக வெண்டிக்காய் வாங்குகிற அந்தப் பிள்ளையிடம். "பட்டர் என்றால் பேக்கரிக்குப் போங்கோ ஐயா, இங்கே மரக்கறிதான்" என்றது. பேந்து போனில் படத்தைக் காட்டினேன். "பூசணிக்கும் சுரைக்கும் கலியாணம் நடந்ததோ?" என்று கேட்டுவிட்டு, இதைத் தலையில் கட்டிவிட்டது.

அவ: இதைச் சோற்றில் மறைக்கவும் முடியாதே. என்ன விலை?

அவர்: அதைக் கேட்காதையும்.

அவ: கேட்காமலே தெரியும். ஐப்பசி மழைக்குள் மரக்கறியை அள்ளிக்கொண்டு வருகிற ஆள் ஊரில் நீங்கள் ஒருவர்தான். தோட்டக்காரன் இப்போதுதான் கன்று நடுகிறான். வயலில் விதைத்தவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கோவா, கரட், பீற்றூட் எல்லாம் தை பிறந்த பிறகல்லோ மலிந்து கிடக்கும்.

அவர்: அங்கே இதுதான் அறுவடைக்காலம். ஒக்டோபர் மாதம் இரண்டாவது திங்கட்கிழமை அதற்கு நன்றி சொல்லி ஒரு லீவே விடுகிறார்கள். பூசணி, கிழங்கு, நெல்லிக்காய் அளவில் குட்டிக் கோவா, எல்லாம் அப்போதுதான். பேந்து பனி விழுந்தால் ஒன்றும் முளையாது. அதற்கு முந்திப் பிடுங்கி உள்ளே வைத்துவிடுவார்கள். மரமெல்லாம் இலையை உதிர்த்துவிடும்.

அவ: அங்கே பிடுங்குகிறார்கள், இங்கே நடுகிறார்கள். நீங்கள் இங்கே நின்றுகொண்டு அங்கத்தைப் பிடுங்கலுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வேலியில் முசுட்டை மழைக்குத் தளதளவென்று படர்ந்து கிடக்கிறது. அதை ஆய்ந்து ஒரு வறை வறுத்தால் செலவும் இல்லை, உதிர்வும் இல்லை. சரி, பிள்ளை என்னென்ன சாப்பிடாதாம்? மச்சம் இல்லை. அது விளங்குகிறது. வெள்ளிக்கிழமை போலச் சமைத்தால் சரிதானே?

அவர்: போதாது. வெள்ளிக்கிழமைப் பருப்புக்கு நெய் விடுகிறீர். பக்கத்தில் தயிர் வைக்கிறீர். உயிர்ப் பிராணியிடமிருந்து வருகிற ஒன்றும் ஆகாது. பால், தயிர், நெய், முட்டை, தேன், ஒன்றும்.

அவ: தேனுமா? தேனீ என்ன பாவம் செய்தது?

அவர்: தேனீ பாவம் என்றுதானே விடுகிறார்கள். 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்றொருவர் சிலரைச் சேர்த்து இதற்குச் சங்கமே தொடங்கினார்.

அவ: 1944இல் எங்கள் அப்பு கூப்பன் அரிசிக்கு வரிசையில் நின்றவர். பசுவை வித்துச் சாப்பிட்ட காலம். அப்போது அந்தச் சங்கம் வந்திருந்தால் வீடு வீடாக அங்கத்தவர் சேர்த்திருக்கலாம். ஏன், நான் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் இருக்கிறேன். இரவில் பாலும் பழமும் மட்டும். ஒரு சங்கத்திலும் சேரவில்லை.

அவர்: பால்!

அவ: என்ன பால்?

அவர்: பாலும் பழமும் என்றீரே. சங்கத்தில் உம்மைச் சேர்க்கமாட்டார்கள்.

அவ: முருகன் சேர்த்தால் போதும். இஞ்சேருங்கோ, பாலும் இல்லை, மீனும் இல்லை என்றால் பிள்ளைக்குச் சத்து எங்கேயிருந்து?

அவர்: பருப்பு, பயறு, கடலை. பி12 மட்டும் மரக்கறியில் கிடைக்காதாம். அதற்குக் குளிசை போடுகிறாள்.

அவ: மரக்கறி சாப்பிடுவதற்கு மருந்தோ! (குரலைத் தாழ்த்தி) நீங்களும் சேர்ந்து இருக்கப் போகிறீர்களோ?

அவர்: அவள் நிற்கும்வரை நானும் வீகன். இன்றைக்கே தொடங்கியாயிற்று.

அவ: அப்படியென்றால் மோர் மிளகாய்?

(அமைதி. மழைச் சத்தம் மட்டும். யாழ்ப்பாணத்துச் சைவச் சாப்பாட்டில் மோர் மிளகாய் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்த அமைதி விளங்கும். மற்றவர்கள் ஒரு நாள் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் மோர் மிளகாய் இல்லாமல் சாப்பிட்டுப் பார்க்கவும்.)

அவர்: மோர் மிளகாயில்... மோர் காய்ந்துபோய்விடுகிறதே.

அவ: எங்கே போகிறது?

அவர்: வெயிலில் ஆவியாக.

அவ: ஆவியாகிறது தண்ணீர். மோர் மிளகாயோடேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். பகலில் காயவைத்து, இரவில் திரும்ப மோரில் போட்டு, அது முழுதையும் குடிக்கும்வரை இதைத்தானே செய்கிறேன். மோர் போய்விடும் என்றால் நான் ஏன் பங்குனி வெயிலில் மொட்டைமாடி ஏறுகிறேன்?

அவர்: இப்போது எங்கே வைத்திருக்கிறீர்?

அவ: மாரிக்கு ஈரம் அண்டாத இடத்தில். உங்கள் கை போகாத இடத்தில்.

(பூசணிக்காய் சூப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர் வெட்டினார், அவித்தார், கரைத்தார், கறுவாவும் சாதிக்காயும் போட்டார். "சீனி ஒன்றுதான் மிச்சம், போட்டால் பாயசம், போடாவிட்டால் சூப்" என்று அவ சொன்னா. தடிப்பாக வரட்டும் என்று ஒரு துண்டு மரவள்ளியை எடுத்து, கூடவே இஞ்சியையும் தட்ட அவர் ஆயத்தமானபோதுதான் சண்டை வந்தது.)

அவ: வையுங்கோ இஞ்சியை! மரவள்ளிக்கு இஞ்சி கிட்டவும் போகக்கூடாது. மரவள்ளி அவிக்கிறபோது மூடியும் போடக்கூடாது. சங்கத்தில் இதையெல்லாம் சொல்லித் தரவில்லையோ?

அவர்: கனடாவில் மரவள்ளி விளையாது. சரி, விடும். அந்தக் கடலை அவித்த தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதையும்.

அவ: அது இரசத்துக்கு.

அவர்: அதில்தான் மெரிங் செய்யப் போகிறேன். முட்டை வெள்ளைக்கருவைச் சீனியோடு அடித்துச் சுடுகிற பலகாரம். இதை முட்டை இல்லாமல், கடலைத் தண்ணீரில் அடிப்பது. 2014இல் ஜொயல் ரோசல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது. அவர் ஒரு இசைக்கலைஞர்.

அவ: பாட்டுக்காரனுக்குக் குசினியில் என்ன வேலை?

அவர்: தபாலதிபருக்கு என்ன வேலையோ அதே வேலைதான். மத்தை எடும்.

அவ: அது மோர் கடைகிற மத்து. உங்கள் சட்டப்படி தீட்டு.

(அவர் மத்தைச் சவர்க்காரம் போட்டு இரண்டுதரம் கழுவுகிறார். கடலைத் தண்ணீரை அடுப்பில் வற்றவைத்து, விரலில் தொட்டால் வழுவழுவென்று நூலாக வரும் பதத்தில் இறக்கி, ஆறவைக்கிறார். ஓவனை 180 பாகையில் போடுகிறார். முதலில் அது சூடாக வேண்டும் என்று ரெசிப்பியில் தடித்த எழுத்தில் இருக்கிறது. பிறகு திண்ணையில் குந்தி, கிண்ணத்தை இரண்டு காலுக்குமிடையில் இறுக்கிப் பிடித்துக் கடையத் தொடங்குகிறார். அவ சுளகில் அரிசியைப் புடைத்தபடி ஓரக்கண்ணால் பார்க்கிறா. முதலில் பழுப்பு நிறத்தில் பெரிய குமிழிகள். பிறகு குமிழி சிறுத்து, நிறம் வெளுத்து, மத்தைத் தூக்கினால் நுனியில் கூம்பி நிற்கிறது.)

அவ: (சுளகைக் கீழே வைத்துவிட்டு) இது கடலைத் தண்ணீர்தானா?

அவர்: பாரும். கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாது.

அவ: வேண்டாம் அப்பா, இப்போதுதான் தலைக்கு முழுகியிருக்கிறீர்கள்.

(அவர் கிண்ணத்தைத் தலைக்கு மேல் கவிழ்க்கிறார். விழவில்லை. இருவருமே எதிர்பார்க்காததால் யாரும் கைதட்டவில்லை.)

அவ: (ஒரு விரல் எடுத்து நக்கி) சீனி போட்டீர்களோ?

அவர்: ஒரு கோப்பை.

அவ: இது உவர்க்கிறதே.

அவர்: எப்படி?

அவ: கடலையை உப்புப் போட்டுத்தானே அவிப்பேன். அதை வற்றவேறு வைத்தீர்கள். வெறும் உப்பு நுரை.

அவர்: (கிண்ணத்தைப் பார்த்தபடி) ரெசிப்பியில் உப்பைப் பற்றி எழுதவில்லை. சரி, பலகாரம் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சிப் பார்ப்போம்.

அவ: கூழில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அவர்: பிள்ளை கேட்டதே அதைத்தான். அம்மாவின் ஒடியல் கூழ், மீன் இல்லாமல்.

அவ: நண்டு இல்லாமல்? இறால் இல்லாமல்? மீன்தலை இல்லாமல்? காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவையும் புளியையும் கரைத்துக் குடிக்கவோ பிள்ளை இவ்வளவு தூரம் வருகிறது?

அவர்: அதில் மரக்கறியும் போடுகிறீர்தானே.

அவ: அது துணைக்குப் போடுகிறது. (கொஞ்ச நேரம் யோசித்து) பயிற்றங்காய் வாங்கலாம். மரவள்ளி இருக்கிறது. பலாக்கொட்டை மணலில் புதைத்து வைத்திருக்கிறேன். முருங்கை இலை ஒரு பிடி. செத்தல் மிளகாயை அம்மியில் அரைத்தால்தான் அந்த நிறம் வரும். ஒடியல் மாவை ஊறப்போட்டுக் கைப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அதை உங்களிடம் விடமாட்டேன்.

அவர்: இறாலுக்குப் பதில் காளான் போடலாம் என்று பிள்ளை சொன்னாள்.

அவ: இடி இடித்தால் பின்வளவில் முளைக்கும். எது நல்லது, எது நஞ்சு என்று தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஆச்சி. அவ போய்விட்டா. கடையில் வாங்குங்கோ. ஆனால் வாசம்? கூழுக்கு வாசம் வேண்டுமே. (கிட்ட வந்து) ஒரேயொரு மீன்தலை. துணியில் கட்டிப் போட்டு, கொதி வந்ததும் எடுத்துவிடுகிறேன். பிள்ளைக்குத் தெரியவா போகிறது?

அவர்: அது ஏமாற்று.

அவ: மிளகாயில் மோர் ஆவியாகும், கூழிலிருந்து மீன்தலை எழும்பிப் போகாதோ?

(அவர் இதற்குப் பதில் தேடும்போது இருமல் வருகிறது. அவவுக்கும் வருகிறது.)

அவ: யாரோ மிளகாய் வறுக்கிறார்கள்.

அவர்: பக்கத்து வீட்டார் கொழும்பிலே.

அவ: அப்போ பின்வீடு. அடேயப்பா, என்ன காரம்! கண் எரிகிறது. ஒரு பெண்ணுக்கு அடுப்பைத் தணிக்கத் தெரியாதோ?

அவர்: யன்னலைச் சாத்தும்.

அவ: சாத்தினேன். கூடுகிறது. (நிற்கிறா) நீங்கள் ஓவனைப் போட்டீர்களோ?

அவர்: எப்போதோ போட்டாயிற்று. 180 பாகை.

அவ: போட முந்தி உள்ளே பார்த்தீர்களோ?

அவர்: வெறும் ஓவனுக்குள் பார்க்க என்ன இருக்கிறது? தம்பி கொண்டுவந்து தந்த நாளிலிருந்து நாங்கள் அதில் ஒன்றும் சுட்டதில்லையே.

அவ: சுடாதபடியால்தானே அதற்குள் வைத்தேன்! ஐயோ, என் பிஸ்கட் டின்!

(ஓவன் திறக்கிறது. புகை. பழந்துணியால் பிடித்து டின்னை வெளியே எடுக்கிறார்கள். மூடியைத் தட்டித் திறந்தால், பங்குனி வெயிலில் வெளுத்து, ஆவணி வரை காத்து, ஐப்பசிக்கு ஒளித்து வைத்த மோர் மிளகாய் அத்தனையும் கரிக்கட்டை.)

அவர்: (நீண்ட நேரம் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்துக் கடிக்கிறார். கண்ணில் தண்ணீர்.) இனி இதில் மோர் இருக்காது என்று நினைக்கிறேன்.

அவ: இருங்கோ, சோறு போடுகிறேன். அந்த நுரையைத் தொட்டுக்கொள்ளுங்கோ, உப்பு அதில் இருக்கிறது.