பாட்டுக்கு முன்னால் பேர் சொன்னவர்

போன வாரம் மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரும் பஸ்ஸில் 'கண் போன போக்கிலே கால் போகலாமா' ஓடியது. முன் சீட்டில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக் கேட்டு முடித்துவிட்டு, "கண்ணதாசன் கண்ணதாசன்தான்யா" என்றார். பக்கத்தில் இருந்தவரும் ஆமாம் என்று தலையாட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "ஐயா, அது வாலி எழுதுனது" என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் உடனே போனை எடுத்துத் தேடினான். பாட்டுச் செயலியில் படத்தின் பெயர் இருந்தது. டி.எம்.சௌந்தரராஜன் இருந்தார். விஸ்வநாதன், ராமமூர்த்தி இருந்தார்கள். எழுதியவர் பெயரை மட்டும் காணோம்.

பரமக்குடி வந்ததும் பெரியவர் இறங்கிப் போய்விட்டார். எனக்குத்தான் ஊர் வந்து சேரும்வரை மனசு ஆறவில்லை. அதனால்தான், பாட்டுக்கு முன்னால் எழுதியவர் பேரையும் சொன்ன இலங்கை வானொலி அறிவிப்பாளர் பி.எச்.அப்துல் ஹமீதைப் பற்றி இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

அது வாலியின் பாட்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் சினிமாப் பாட்டு ஆராய்ச்சி செய்தவன் கிடையாது. அப்பாவின் தையல் கடையில் வளர்ந்தவன். கடை என்றால் ஒரு மிஷின், ஒரு வெட்டுப் பலகை, சுவரில் ஆணியடித்த ஸ்டாண்டில் ஒரு ரேடியோ, அவ்வளவுதான். எங்கள் கடற்கரைப் பக்கம் மதுரை, திருச்சியைவிட இலங்கை வானொலிதான் துல்லியமாகக் கேட்கும். நடுவில் இருப்பது கடல்தானே.

அப்பா தைப்பதற்கு ஒரு தாளம் உண்டு. பாட்டு ஓடும்போது மிஷின் ஓடும். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேச ஆரம்பித்ததும் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவார். மிஷின் சத்தத்தில் பேச்சு கேட்காமல் போய்விடும் என்பதுதான் காரணம். படத்தின் பெயர், பாட்டை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர்கள் எல்லாம் சொல்லி முடிக்கும்வரை ஊசி துணியில் குத்தியபடியே நிற்கும். பாட்டு தொடங்கியதும் கால் மறுபடியும் பெடலுக்குப் போகும். ஊரில் எல்லாரும் பேச்சு முடிந்து பாட்டு எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். அப்பா பேச்சுக்காகவே மிஷினை நிறுத்துகிற ஆள்.

அளவு நோட்டின் முன்பக்கம் முழுக்க சட்டை அளவும் இடுப்பு அளவுமாக இருக்கும். அதே நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து பாட்டுகள். ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டிருப்பார்: படம், எழுதியவர், இசை, பாடியவர். 'கண் போன போக்கிலே' பாட்டுக்கு இரண்டாம் கட்டத்தில் வாலி என்று பென்சிலால் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார். கடைக்கு வந்த ஒரு வாத்தியார் அது கண்ணதாசன்தான் என்று அரை நாள் சண்டை பிடித்த கதை அந்த இரண்டு கோட்டில் இருக்கிறது. ஆக, அந்தப் பெரியவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தக் குழப்பத்துக்கு அறுபது வயது ஆகிறது. படம் வந்தது 1965இல்.

அந்த நோட்டை நிரப்பியவர்கள் கொழும்பில் இருந்த அறிவிப்பாளர்கள். அவர்களில் என் மனசில் முதலில் நிற்கிற குரல் பி.எச்.அப்துல் ஹமீத்.

கொழும்பில் 1925 டிசம்பரிலேயே வானொலி தொடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படை அங்கே தொடங்கிய சிற்றலை (ஷார்ட்வேவ்) நிலையம், போர் முடிந்து சில வருஷங்களில் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் அது 'ரேடியோ சிலோன்' ஆனது. அடுத்த ஆண்டே வர்த்தக ஒலிபரப்பு. அப்புறம் 1952இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று அகில இந்திய வானொலியில் அதற்குக் கதவைச் சாத்தினார். ஜனங்கள் விடுவார்களா? ரேடியோ முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957இல் அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டுக்காக விவிதபாரதியைக் கொண்டுவருவதற்குள் இலங்கை வானொலி நம் வீடுகளில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இந்தி நேயர்களுக்கு அறிவிப்பாளர் அமீன் சயானி கிடைத்ததும் அதே கொழும்பு அலையில்தான். தமிழில் எஸ்.பி.மயில்வாகனம் தொடங்கிவைத்த வரிசையில் பின்னால் கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று ஒவ்வொருவராக வந்தார்கள்.

1967இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. கார்ப்பரேஷனுக்கு அவர்கள் வைத்த 'கூட்டுத்தாபனம்' என்கிற சொல்லை இந்தக் கரையில் யாரும் பேசமாட்டோம். இருந்தாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதிலேயே அதை நான் திக்காமல் சொல்வேன். எங்கள் தெருவில் என் வயசுப் பிள்ளைகள் எல்லாருமே சொல்வார்கள். நேயர், அறிவிப்பாளர், இசைத்தட்டு, சிற்றலை எல்லாம் எங்களுக்கு இப்படித்தான் பழக்கமாயின. பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

கே.எஸ்.ராஜாவின் குரல் காற்றில் பறக்கும். மூச்சு எங்கே விடுகிறார் என்றே தெரியாது. அவருடைய 'திரைவிருந்து' நிகழ்ச்சி வந்தால் கடைக்கு வெளியே சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றியபடியே கேட்பார்கள். அந்த மனிதரை 1994இல் கொழும்பில் கொன்றுபோட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. ஹமீதின் வழி வேறு. அவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்து விழும். கொழும்பின் தெமட்டகொடையில் வளர்ந்த ஒரு முஸ்லிம் பிள்ளையின் தமிழ் அது. யாழ்ப்பாணத்துக்காரரும் தஞ்சாவூர்க்காரரும் திருச்செந்தூர்க்காரரும் அதை ஒரே மாதிரி தங்கள் தமிழாக நினைத்துக் கேட்டார்கள்.

அந்த நிதானம் அவருக்கு நாடகத்திலிருந்து வந்தது என்பது என் எண்ணம். சிறு வயதிலேயே வானொலிக்குள் நுழைந்து, நாடகங்களில் நடித்துத் தேறியவர் அவர். 'சானா' சண்முகநாதன் போன்ற தயாரிப்பாளர்கள் இலங்கை வானொலியின் நாடகப் பிரிவை ஒரு பள்ளிக்கூடம் மாதிரி நடத்தினார்கள். வானொலியில் பெரும் வரவேற்புப் பெற்ற கோமாளிகள் தொடரில் ராமதாஸ் மரிக்காராக வந்தார், ராஜகோபால் அப்புக்குட்டியாக வந்தார், செல்வசேகரன் உபாலியாக வந்தார், ஹமீத் ஐயராக வந்தார். மற்ற மூவருக்கும் அந்தப் பாத்திரப் பெயரே வாழ்நாள் முழுக்க முன்னால் ஒட்டிக்கொண்டது. ஒரு முஸ்லிம் இளைஞர் ஐயர் பேச்சைப் பேசி எல்லாரையும் நம்பவைக்கிறார் என்றால், பேசுவதற்கு முன்னால் எவ்வளவு கேட்டிருக்க வேண்டும்! பின்னாளில் 2000ஆம் ஆண்டு வந்த தன் படம் ஒன்றுக்காகக் கமல்ஹாசனுக்கு ஈழத்துப் பேச்சு தேவைப்பட்டபோது அவர் ஹமீதிடம் போனது இதனால்தான்.

இனி 'பாட்டுக்குப் பாட்டு'. கொழும்பில் வானொலியில் பிறந்த நிகழ்ச்சி அது. சன் டிவியில் 'லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு' என்று வந்தபோதுதான் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அவர் முகம் தெரிந்தது. ஒரு எழுத்துக் கொடுப்பார். அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். வீட்டு விசேஷங்களில் விளையாடும் அந்தாக்ஷரியில் எப்படியாவது ஒரு பாட்டைப் பாடிச் சமாளித்துவிடலாம். இவர் முன்னால் அது நடக்காது. குறில் என்றால் குறில், நெடில் என்றால் நெடில். வரியை மாற்றிப் பாடினால் சரியான வரியைச் சொல்வார். பாடிய பாட்டு எந்தப் படம், யார் எழுதியது என்று அவருக்குக் கையில் காகிதம் இல்லாமலே வரும்.

சின்னப் பிள்ளைகளிடம் இவ்வளவு கறார் தேவையா என்று அப்போது எங்கள் வீட்டிலேயே பேச்சு நடந்தது. என் அத்தை சேனலை மாற்றச் சொல்வார். நான் அப்போதும் ஹமீத் பக்கம்தான். கவிஞர் 'நின்' என்று எழுதிய இடத்தில் 'உன்' என்று பாடினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு, எழுதியவர் அந்த ஒரு சொல்லுக்காக எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்பது தெரியாது. அந்தச் சொல்லுக்குக் காவல் நின்ற ஒரே ஆள் மேடையில் மைக் பிடித்திருந்த அவர்தான். அந்த நிகழ்ச்சி பின்னால் கடல் தாண்டியும் போனது. புலம்பெயர்ந்த குடும்பங்களில் தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகள்கூட முழுப் பாட்டு மனப்பாடம் செய்துகொண்டு மேடை ஏறினார்கள். குறில் எது நெடில் எது என்று அந்தப் பிள்ளைகள் கற்றது ஒரு விளையாட்டுக்காக. அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் எனக்கு வானொலி ஹமீதைத்தான் அதிகம் பிடிக்கும். தொலைக்காட்சியில் அவர் பெயர்களைச் சொல்லும்போதே கைதட்டல் எழுந்து, எழுதியவர் பெயரை விழுங்கிவிடும். வானொலியில் அந்தப் பெயரைச் சுற்றி ஒரு சின்ன அமைதி இருந்தது. எங்கள் கடையில் ஊசி நின்ற நேரம் அது.

ஒலிபரப்பு, ஒளிபரப்பு என்று இரண்டு சொல் இருக்கிறதே, இன்றைக்கு நிகழ்ச்சி நடத்துகிறவர்களில் எத்தனை பேர் வாயில் அவை இரண்டாக வருகின்றன? ஹமீத் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எது வானொலி எது தொலைக்காட்சி என்று தெரியும். நாக்கு மடங்குவது காதில் விழும். இரண்டிலும் வேலை பார்த்தவருக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்திருந்தது.

1983 ஜூலைக் கலவரத்தின்போது ஹமீதைக் கொன்றுவிட்டார்கள் என்று இந்தக் கரையெல்லாம் பேச்சுப் பரவியது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா வெட்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு ரேடியோவைத் திருகிக்கொண்டே இருந்தார். ஒரு ஜாக்கெட்கூட அன்று முடியவில்லை. வாங்க வந்த அக்காவும் கோபப்படவில்லை, திண்ணையில் உட்கார்ந்து அவரும் கேட்டார். செய்தி பொய் என்று தெரியவர நாளானது. தெரிந்த அன்று அப்பா யாரிடமும் எதுவும் சொல்லாமல் பஜாருக்குப் போய் ரேடியோவுக்குப் புது பேட்டரி வாங்கிவந்தார். அதுவரை பழைய பேட்டரியை வெயிலில் காயவைத்துக் காயவைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். சமீபத்திலும் அதே மாதிரி ஒரு பொய் இணையத்தில் சுற்றியது. அப்பா இல்லை, நான்தான் பதறினேன்.

ஹமீத் தன் நினைவுகளை 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்று புத்தகமாக எழுதியிருக்கிறார். அந்தப் பெயரை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. வழியில் போகிறவர் யாரும் ஒவ்வொரு வீட்டுக்கும் இத்தனை பெயர்களைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை.

சரி, இப்போதைய நிலைமைக்கு வருகிறேன். பண்பலை நிலையங்கள் பலவற்றில் பாட்டுக்கு முன்னால் எல்லாம் பேசுகிறார்கள், பாட்டு யாருடையது என்பதைத் தவிர. விவிதபாரதியில் சொல்லும் வழக்கம் உண்டு, அதை மறுக்கவில்லை. செயலிகளில் பல பழைய பாட்டுகளுக்குப் பாடலாசிரியர் இடம் காலியாகவோ தப்பாகவோ கிடக்கிறது. கேட்டால், கேட்பவர்களுக்குப் பொறுமை இல்லை என்கிறார்கள். நான்கு பெயர் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நிதானமாகச் சொன்னால் எட்டு விநாடி. ஒரு கூலித் தையல்காரர் அந்த எட்டு விநாடிக்காகத் தன் பிழைப்பையே ஒரு நாளைக்கு அத்தனை தடவை நிறுத்தியிருக்கிறார்.

எங்கள் பக்கத்துத் திருவிழாக் கச்சேரிகளில் அவ்வப்போது நான் அறிவிப்புச் செய்வதுண்டு. தொழிலாக இல்லை, ஆசைக்குத்தான். போன வருஷம் ஒரு ஊரில் விழாக் குழுக்காரர் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து, "தம்பி, பாடுறவங்க பேரைச் சொன்னா போதும், எழுதுனவரு இங்க வந்து கேட்கவா போறாரு" என்றார். நல்ல மனிதர்தான், கூட்டம் எழுந்து போய்விடுமோ என்று பயம். நான் நிறுத்தவில்லை. பாடலாசிரியர் மருதகாசி பெயரைச் சொன்னபோது பின்வரிசையில் ஒரு பாட்டி 'ஆ' என்று சத்தமாகச் சொன்னது மைக் வரை கேட்டது. குழுக்காரரும் கேட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரில் கச்சேரி. மொத்தம் இருபத்தெட்டுப் பாட்டு. பட்டியலை எழுதி நான்கு கட்டம் போட்டுவிட்டேன். இரண்டு பாட்டுக்கு எழுதியவர் பெயர் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. பரணில் இருக்கும் அப்பாவின் அளவு நோட்டுகளை நாளைக்குக் காலையில் இறக்க வேண்டும்.