‘தி’ நமக்குத் தெரியாத ஒன்றா என்ன?

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் வசனம்: "தமிழில் ஆர்ட்டிக்கிளே (a, an, the) கிடையாது, அதனால்தான் நமக்கு வரமாட்டேன் என்கிறது." தனிச் சொல்லாகக் கிடையாது, சரி. ஆனால் ‘தி’ (the) பார்க்கும் வேலையில் ஒரு பங்கை நம் இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

"பால் குடிக்கிறியா?" என்று அம்மா கேட்டால் பொதுவாகப் பால். அதையே கொஞ்ச நேரம் கழித்து, "பாலைக் குடி!" என்று அதட்டினால், எதிரே டம்ளரில் ஆறிக்கொண்டிருக்கும் அந்தப் பால். ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’ இரண்டும் அப்படித்தான். முதலாவது ஏதோ ஒரு புத்தகம்; இரண்டாவது, கேட்பவருக்கு எது என்று ஏற்கெனவே தெரிந்த புத்தகம். இந்த ‘ஐ’ ஆட்களைச் சொல்லும்போது எப்படியும் வந்துவிடும், எழுவாயில் வரவே வராது. அதனால் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ‘தி’யைத் தொடங்கி வைக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நம் வகுப்புகளில் நடப்பதோ கோடிட்ட இடத்தை நிரப்புவது. அதிலும் ‘ஏ’யா (a) ‘ஆன்’னா (an) என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. அது வெறும் ஒலி விஷயம். ‘ஹவர்’ என்று எழுதினாலும் வாயில் வருவது ‘அவர்’, அதனால் ‘ஆன்’. ‘யுனிவர்சிட்டி’ யகர ஒலியில் தொடங்குவதால் ‘ஏ’. எம்.எல்.ஏ.வுக்கு ‘ஆன்’. ஒரு வீடு, ஓர் ஊர் என்று எழுதுகிற பிள்ளைக்கு இது பத்து நிமிடப் பாடம். எப்போது ‘தி’ போட வேண்டும் என்ற கஷ்டமான பகுதிக்கு வந்தால், சூரியன், சந்திரன், கங்கை, இமயமலை என்று ஒரு பட்டியலைக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள்.

"இவ்வளவு சின்ன வார்த்தைக்கு இத்தனை அலட்டலா?" என்பவர்களுக்கு: 1967 நவம்பர் 22-இல் ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றிய 242-ஆம் தீர்மானம், அந்த ஆண்டுப் போரில் பிடித்த பிரதேசங்களிலிருந்து இஸ்ரேல் படைகள் விலக வேண்டும் என்றது. ஆங்கில வாசகத்தில் ‘பிரதேசங்கள்’ முன்னால் ‘தி’ இல்லை. அதனால் எல்லாவற்றிலிருந்தும் விலகத் தேவையில்லை என்றது இஸ்ரேல் தரப்பு. ஆர்ட்டிக்கிள் உள்ள பிரெஞ்சு வாசகத்தைக் காட்டி, எல்லாவற்றிலிருந்தும்தான் என்றது அரபுத் தரப்பு. அந்த வழக்கு இன்னும் ஓயவில்லை.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் பிரிபொசிஷன்களின் கதை வேறு. அங்கே தமிழ் நிஜமாகவே காலை வாரும். மேசையில், அறையில், பஸ் ஸ்டாப்பில் என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே ‘இல்’. ஆங்கிலத்தில் ஆன் (on), இன் (in), அட் (at) என மூன்று. ‘அதைப் பற்றிப் பேசினோம்’ என்ற பழக்கத்தில் ‘டிஸ்கஸ் அபௌட்’ வந்து விழுகிறது. அந்த ‘அபௌட்’ தேவையே இல்லை. இதற்கெல்லாம் விதி தேடிப் பயனில்லை. வார இறுதிக்கு பிரிட்டிஷார் ‘அட்’ போடுகிறார்கள், அமெரிக்கர்கள் ‘ஆன்’ போடுகிறார்கள், என்ன விதி சொல்வீர்கள்? கரும்பலகையில் ‘டிபெண்ட்’ என்று மட்டும் எழுதாமல் ‘டிபெண்ட் ஆன்’ என்றே எழுதுங்கள். ‘அஃப்ரெய்ட் ஆஃப்’, ‘குட் அட்’, எல்லாம் ஜோடியாகவே மனதில் ஏறட்டும்.