குணசேகரனைப் பார்த்துச் சிரிக்கும் அங்கிள்மார்

'எதிர்நீச்சல்' தொடரின் ஆரம்ப எபிசோடுகளை மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2022 பெப்ரவரியில் சன் ரிவியில் அது தொடங்கியபோது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் முழுக்க இதே பேச்சுத்தான். அடுத்த மாதம் 13 மணி நேர மின்வெட்டு வந்தும், விட்ட எபிசோடைப் போனில் தேடிப் பார்த்தார்கள்.

இயக்குநர் திருச்செல்வம் ஆரம்பத்தை நன்றாகவே கட்டியிருக்கிறார். ஆதி குணசேகரன் வீட்டு மருமகள்கள் எல்லாரும் படித்தவர்கள். ஆனால் இருப்பது அடுப்படியில். மருமகளின் பட்டம் குடும்பத்துக்குக் கௌரவம், அவள் வேலைக்குப் போனால் அதே குடும்பத்துக்கு மானக்கேடு! இந்தக் கணக்கை இவ்வளவு பச்சையாகக் காட்டிய சீரியல் வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

என் குறை என்னவென்றால், 2023 இல் காலமான நடிகர் மாரிமுத்து அந்தக் குணசேகரன் பாத்திரத்தை அளவுக்கு மீறி ரசிக்கும்படி செய்துவிட்டார். 'இந்தாம்மா ஏய்' என்று அவர் அதட்டினால் பக்கத்து வீட்டு அன்ரி சிரிப்பார், அங்கிளும் சேர்ந்து சிரிப்பார். அங்கிளுக்கு என்ன, அவர் சத்தம் போடுவதில்லை, தேத்தண்ணிகூடத் தானே ஊற்றிக் குடிப்பார். குணசேகரனோடு ஒப்பிட்டால் இங்கே எல்லா ஆண்களும் தங்கமானவர்கள்தான்.

எங்கள் ஆட்களின் பேச்சு வேறு மாதிரி. சிமா என்ற கணக்கியல் படிப்பு முடித்த பொம்பிளை வேணும், சீதனமாகக் கொழும்பில் ஒரு ஃபிளாட்டும் வேணும். 'வேலைக்குப் போறது அவவின்ர விருப்பம்' என்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு அந்த விருப்பத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

அப்புறம் சட்டம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட ஒரு மனைவி, தனக்குச் சீதனமாக வந்த காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். கணவன் தன் முதுசக் காணியை, அதாவது பரம்பரையாக வந்த காணியை, விற்க அவளிடம் கேட்க வேண்டியதில்லை. கணவன் நியாயமில்லாமல் சம்மதம் மறுத்தால் அவள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எத்தனை பேர் போவார்கள்? 1960 இல் உலகத்துக்கே முதல் பெண் பிரதமரைக் கொடுத்த நாடு என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோம். சரி.

இங்கே யாராவது இப்படி ஒரு தொடர் எடுப்பதென்றால் முதல் எபிசோடைக் காணி உறுதி எழுதும் நொத்தாரிசின் அலுவலகத்தில் தொடங்குங்கள். முறுக்கு மீசை வேண்டாம், அதட்டலும் வேண்டாம். எல்லாரிடமும் நல்ல பெயர் எடுத்த ஒருவர், 'உமக்கு ஏன் இந்தக் கரைச்சல், நான் பாக்கிறன்' என்று மனைவியின் காணி உறுதியை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அன்றைக்கு அங்கிள் சிரிக்கிறாரா பார்ப்போம்.